மெலியானே மாவு வாங்க மறுத்த கதை

பசிபிக் தீவு நாடான டோங்காவில் நுகர்வு வரி வரப்போவதை விளக்க அதிகாரி ஒருவர் ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். "பிரபுவானாலும் பணியாரக்காரியானாலும் மாவுக்கு ஒரே வரிதான். எல்லாரும் சமம்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் கோதுமைப் பணியாரம் விற்கும் மெலியானே எழுந்தாள். "வரியில சமம்னா வருமானத்துலயும் சமமாக்குங்களேன், ஐயா!"

கூட்டம் சிரித்தது. "உக்காரும்மா, சட்டம் நிறைவேறியாச்சு" என்றார் அதிகாரி.

"ஆகட்டும். பணியாரத்துக்குன்னு எங்கிட்ட ஒரு காசுகூட வரி வாங்க முடியாது."

வரி வந்த அன்றே அவள் மாவு வாங்குவதை நிறுத்தினாள். தன் தோட்டத்து மரவள்ளியைத் துருவி, வாழைப்பழத்தோடு பிசைந்து, வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெயில் பொரித்தாள். முதல் வாரம் பாதிகூட விற்கவில்லை. பலர் முகம் சுளித்தார்கள். அவள் மாவுக்குத் திரும்பவில்லை, விலையையும் ஏற்றவில்லை. மாதம் முடிவதற்குள், வரியால் விலை ஏற்றி வாடிக்கையை இழந்த மற்ற பணியாரக்காரிகளே கிழங்கு கேட்டு அவள் வேலியோரம் வந்து நின்றார்கள்.