மாமா மாற்றிவைத்த மீன்கள்

குளியலறை ஆணியில், மாமாவின் லுங்கிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. பாதி தண்ணீர், பாதி காற்று. வாய் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு தங்க மீன், என்னைப் போலவே அரைத் தூக்கத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் பல் தேய்க்கப் போனவளுக்குக் கிடைத்த தரிசனம் அது. கத்தியே இருப்பேன். அதற்குள் பின்னால் வந்து நின்ற மாமா, "சத்தம் போடாத. உங்க அக்கா எழுந்துக்கப் போறா," என்றார். அவர் கையில் டீ வடிகட்டி இருந்தது. வடிகட்டியில் அதே நிறத்தில், அதே அளவில், செத்துப்போன இன்னொரு மீன் கிடந்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்பு வாரும் நாட்களில் அவர் ஒரு வரப்பில் நின்று குரல் கொடுத்தால், நாலு பாத்தி தள்ளி வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரல் வீட்டுப் படியேறியதும் பாதியாகிவிடும். அக்கா படுத்திருந்த அறைக்குள் நுழைந்தால் அதிலும் பாதி. அக்கா அழுதுவிடுவாளோ என்ற பயத்திலேயே அந்த மனிதர் அப்போது உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை டாக்டரம்மா, கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். வேலை தேடுகிறவள் என்றால் வீட்டார் கணக்கில் சும்மா இருப்பவள். ஆகவே சமைத்துப் போட என்னை அனுப்பிவைத்தார்கள். பஸ் ஏற்றும்போது அம்மா எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி, "கெட்டது எதையும் அவ காதுல போடாத," என்பதுதான். அம்மா இதை எவ்வளவு தூரம் கொண்டு போனாள் என்றால், அக்கா தெருவில் சாவு விழுந்து மேளச் சத்தம் கேட்கிறது என்று நான் போனில் சொன்னபோது, கோயில் விசேஷம் என்று அவளிடம் சொல்லச் சொன்னாள். எந்தச் சாமிக்கு இப்படி அடிக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள். நான் ரசத்தைப் பார்க்க ஓடிவிட்டேன்.

நாள் முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்து, மாமா ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து மீன் தொட்டி வாங்கிவந்தார். கட்டிலில் படுத்தபடியே பார்க்கும் உயரத்துக்கு மேஜை போட்டு வைத்தார். கூழாங்கல், குமிழி விடும் மோட்டார், பஞ்சு வைத்த பில்டர், பிளாஸ்டிக் செடி என்று ஒன்றும் பாக்கியில்லை. காலையில் தண்ணீர் ஊற்றி, மாலையில் ஒரு கூட்டம் தங்க மீனை விட்டுவிட்டார். கல்யாணம் முடிந்த அன்றே தொட்டிலுக்குச் சொல்லிவிடுகிற குடும்பத்தில் பிறந்தவர், மீனுக்கு மட்டும் எப்படிக் காத்திருப்பார்? அக்கா அன்று சிரித்தாள். எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாமா பார்த்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில நாட்களில் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன. உப்பள வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்பதால் மாமாவுக்கு மதியம் ஓய்வு. அந்த ஓய்வில், செத்த மீனைப் பழைய டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு, பெருமுக்கல் வழியாக மோட்டார் சைக்கிளில் திண்டிவனம் போவார். கடையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து, ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்க்கிற மாதிரி, அதே சாயலில் மீன் பொறுக்குவார். மறுநாள் விடிவதற்குள் அதைத் தொட்டியில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்.

தண்ணீர் விஷயத்தில் அவருடைய கையும் மனசும் உப்பளத்திலேயே பழகியவை. அங்கே பாத்தியில் விட்ட தண்ணீரைப் பாதியில் திறந்துவிடுவது பெருங்குற்றம். வெயிலில் சுண்டச் சுண்ட அதை அடுத்த பாத்திக்கு நகர்த்துவார்களே தவிர, கீழே விடமாட்டார்கள். "பாதி வெயில்ல தண்ணியத் தொறந்து வுட்டவன் உப்பு வாரினதா சரித்திரமே இல்ல," என்பார். தொட்டியிலும் அதே கதை. தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றினார். ஒரு சொம்பு கூட வெளியே எடுக்கவில்லை. மீன் சோர்ந்தால் அளத்து உப்பில் ஒரு கைப்பிடி போட்டார். தண்ணீரோ பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. அதனால் குறை மீனிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் நான் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அக்கா பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "மாமாகிட்ட சொல்லாத," என்றாள். சின்னச் சின்ன மருந்து பாட்டில்கள், ஒரு கண்ணாடிக் குழாய், நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை. தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து அவள் சொன்ன சொட்டுகளை விட்டேன். மஞ்சளாகவே நின்றால் நல்லது. அது மஞ்சளைத் தாண்டி, கிளிப்பச்சையைத் தாண்டி, பாசிப் பச்சையில் போய் நின்றது. அக்கா அட்டையை ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அமோனியா," என்றாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது போல. படுத்துக் கிடந்தவள் போனில் மீன் தொட்டி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறாள். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் சேர்ந்து தண்ணீரில் அமோனியா ஆகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மீன் குறைவாக, தீனி குறைவாக, தினம் கொஞ்சம் தண்ணீரை மாற்றிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் காரத்தன்மையில் அமோனியாவின் விஷம் இன்னும் ஏறும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ரகசியம்.

அக்கா அன்றைக்கே மாமாவிடம் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மாமாவும் சொல்லாமல் மீன் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை, வடிகட்டியும் கையுமாக அவர் தொட்டிக்கு மேலே குனிந்திருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்த ஆரஞ்சு மீனுக்கு வால்ல ஒரு கறுப்புப் புள்ளி இருந்துது. போன வாரமே காணாம பூடுச்சி."

மாமா திரும்பவே இல்லை. "வெளிச்சத்துல அப்படித் தெரியும்மா," என்றார். அவ்வளவு மோசமான பொய்யை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க தினம் புதுசு புதுசா வுடறதாலதான் அந்தத் தண்ணி தேற மாட்டேங்குது. செத்துச்சின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம்," என்றாள். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன தடவ ஆஸ்பத்திரியில, புள்ளைக்குத் துடிப்பு நின்னு போச்சின்னு டாக்டரு சொன்னது உங்களுக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். வாசல்ல நின்ன ஆட்டோக்காரருக்குக் கூடத் தெரியும். நான் மட்டும் வயித்துல கை வச்சிகினு பேசிகினே இருந்தேன், அதுகூட."

நானும் அந்தச் சமயம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு மாலை முழுக்க அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். பாவம், தாங்கமாட்டாள் என்றுதான். அவளுக்கு வலித்தது இழப்பு மட்டுமல்ல, அந்த மாலையும்தான் என்பது இத்தனை நாளாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாமா வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து அவர் வேட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அவர் உப்பளத்துக்குப் போகவில்லை.

அதன் பிறகு புது மீன் வாங்குவது நின்றது. எஞ்சியவை இரண்டே இரண்டு. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் ஒரு நாள் வைத்திருந்து குளோரின் போகவிட்டு, தினமும் கால் பங்கு மாற்றினோம். பழைய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றும்போதெல்லாம் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழக்கம் லேசில் போகுமா? தீனி ஒரு சிட்டிகைதான். பஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கழுவப் போன என்னை, குடியேறிய நுண்ணுயிர்கள் போய்விடும் என்று அக்கா கட்டிலிலிருந்தே அதட்டி நிறுத்தினாள். மறுபடி ஒரு மீன் செத்தபோது மாமா அதை வடிகட்டியில் எடுத்து நேராக அவளிடம் கொண்டுபோனார். "செத்துப் போச்சிம்மா," என்றார். அந்த இரண்டு சொற்களுக்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, உப்பு மூட்டை தூக்கும்போது கூட அவர் முகம் அப்படி ஆனதில்லை. அக்கா பார்த்தாள். "பாவம்," என்றாள். கொஞ்சம் அழுதாள். அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டாள்.

மழைக்காலம் தொடங்கி அளமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தபோது அவளைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாள் இன்னும் ஆகவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா அறைக்குள் வந்து, மாமாவைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றார். அம்மா அதற்குள் எழுந்து கதவருகே போய்விட்டாள். மாமா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"இங்கயே சொல்லுங்க டாக்டர். அவளுக்குத் தெரியாத எதுவும் எனக்குத் தெரிய வேணாம்."

டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்து, அவளிடமே சொன்னார். குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர் குறைந்துகொண்டு வருகிறது. இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எடை குறைவு, ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. அக்கா இரண்டு கேள்விகள் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு, "சரி, எடுத்துடுங்க," என்றாள்.

குழந்தை பிழைத்தது. இப்போது எனக்குப் பதில் பேசி என்னை மடக்குகிற வயது. யாராவது எதையாவது மனசு நோகாமலிருக்க மறைக்கப் போகிறார்கள் என்றால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி அறைதான் நினைவுக்கு வரும். அன்று டாக்டரம்மா வெளியே போன பிறகு அக்கா கையை நீட்டி மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குதுங்க."

ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் அதைத்தான் சொல்வார்.

"எனக்கும்தாம்மா," என்றார்.