வாளியில் போன கெண்டைகள்

மாட்டுத்தாவணியில் ஏறிய பஸ்ஸில், என் பக்கத்தில் ஒல்லியான ஒருவர் மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து உள்ளே இருந்த மீன்களைப் பார்த்தார். தண்ணீர் சிந்திவிடுமோ என்று எனக்குப் படபடப்பு.

"விக்கவாண்ணே?"

"இல்ல மாப்ள, கம்மாயில விடப் போறேன். மீன்பிடித் திருவிழாவுல ஊரே அம்புட்டையும் அள்ளிருச்சு. சேத்துல கெடக்குற மட்டிச் சிப்பியோட குஞ்சு, மீன் செவுள்ல ஒட்டி வளந்தாத்தான் பொழைக்கும்."

"மீனே இல்லன்னா?"

"குஞ்சு செத்துரும். கெழட்டு மட்டி மட்டும் பல வருசம் கெடக்கும். பாக்குறவுக, உசுரோடதான இருக்குன்னு போயிருவாக."

ஒத்தக்கடை தாண்டி இறங்க எழுந்தார். வாளியில் கொஞ்சம் கெண்டைதான் இருந்தது.

"இம்புட்டுப் போதுமாண்ணே?"

"தெரியல மாப்ள. வாரேன்."

எந்தக் கம்மாய் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போதும் அந்த வழியில் போனால் ஒவ்வொரு கம்மாயையும் எட்டிப் பார்க்கிறேன். தண்ணீர்தான் தெரிகிறது.