ஃபோல்டரில் போட்ட பிள்ளையார் சுழி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் வேலூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் படிப்பில் எனக்கு முழுசாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு அசைன்மென்ட் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கூட்டாளிப் பெண் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். உருது பேசுகிற வீட்டுப் பெண், பக்கத்துத் தெரு. பாயில் லேப்டாப்பை வைத்து யாருக்கு எந்த வேலை என்று மகள் பிரித்துக் கொடுத்தாள். நான் டீ கொடுக்கிற சாக்கில் போய் நின்றேன்.

"ஒரு ஃபோல்டர்ல இன்னா இன்னா ஃபைல் இருக்குதுன்னு வரிசையா காட்டுற கமாண்டும்மா. நாங்களே எழுதணும்."

"அது கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இல்லையா?"

"இருக்கு."

அப்புறம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கூட்டாளி சிரித்தாள். "நானும் அதான் கேட்டேன் ஆன்ட்டி. க்ளாஸை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க."

இந்தப் பாடத்தில் மகளுக்கு முந்தைய பரீட்சை சரியாகப் போகவில்லை. இதிலும் மார்க் போனால் அரியர் விழும். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்களாம். அன்று முழுக்க நான் செய்ததெல்லாம் சார்ஜ் இருக்கிறதா, கரன்ட் போய்விடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்ததுதான். கடைசியில் மகள் என்னைப் பார்த்தே பேஜாராகிவிட்டாள்.

சாயங்காலம் எல்லாம் சரியாக ஓடியது. அனுப்பப் போகும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மளிகைச் சீட்டில்கூட மேலே உ போடாமல் நான் எழுதியதில்லை.

"பிள்ளையார் சுழி போட்டியா பாப்பா?"

"ப்ரோக்ராம்ல எங்கம்மா போடறது?"

"ஏதாவது ஒரு மூலையில போடு."

என் வாயை அடைக்க, அந்த ஃபோல்டரிலேயே உ என்று பெயர் வைத்து ஒரு வெற்று ஃபைல் போட்டாள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி வைத்தால் அது மறைந்த ஃபைல், பட்டியலில் வராது, சாமிக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். கூட்டாளி அதற்கும் சிரித்தாள். மறுபடி ஓட்டிப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எப்போதும் அப்படித்தான். நாள் முழுக்கக் கை தைத்தது, மனசு வேலூரில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திருத்துவது ஆள் இல்லையாம், அதற்கும் ஒரு ப்ரோக்ராமாம். அது இவர்களுடைய கமாண்டை இவர்கள் ஃபோல்டரிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு வரி கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய உ. மார்க் சைபர்.

மறைந்த ஃபைலைக் காட்டாமல் தள்ள வேண்டும் என்பதும் அசைன்மென்ட்டில் ஒரு பகுதிதானாம். அவள் எழுதியிருப்பாள் என்று இவளும், இவள் எழுதியிருப்பாள் என்று அவளும் விட்டிருக்கிறார்கள். காலேஜுக்கு வந்து நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வந்து இன்னான்னு சொல்லுவ?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூட்டாளி போன் பண்ணி என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "வருத்தப்படாதீங்க ஆன்ட்டி. சாரே டெஸ்ட்டுக்குன்னு அந்த ஃபோல்டர்லயே ஒரு ஃபைலை மறைச்சு வச்சிருந்தாரு. உங்களது இல்லன்னாலும் எங்களுக்கு சைபர்தான்."

சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் இரண்டு வரி கூடியிருக்க வேண்டுமே. மகள் ஒரு வரி என்றுதானே சொன்னாள்? கேட்கலாம்தான். கேட்டு என்ன செய்யப்போகிறேன்? இரண்டில் எது நிஜம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை.

இந்த வாரம் அடுத்த அசைன்மென்ட். இதிலாவது மார்க் வந்தால் ஒருவேளை அரியர் விழாமல் தப்பலாம் என்கிறாள். அனுப்புவதற்கு முன்னால் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"போடணுமாம்மா?"

போடு என்று சொல்ல பயம். வேண்டாம் என்று சொல்ல அதைவிட பயம். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.