மாப்பிள்ளைக்கு எடுத்த செருப்பு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம், திருவண்ணாமலையில் எனக்குக் கல்யாணம் ஆனபோது நடந்த கதை இது. இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் இதை எடுத்துவிட்டால் போதும், பந்தி போட நேரமாகிவிடும்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைஸ் ஒன்பது. அகலமும் தாராளம். பெண்கள் செருப்பு எட்டோடு நின்றுபோகும் காலம் அது. அந்த எட்டும் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, பரணில் தேடி, தூசி தட்டி எடுத்து வந்தால்தான் உண்டு. தேரடி வீதியில் நான் ஏறி இறங்காத செருப்புக் கடை கிடையாது. பூ வைத்தது, கல் பதித்தது, குதிகால் உயர்ந்தது என்று கண்ணாடிக்குள் அடுக்கி வைத்து ஆசை காட்டுவார்கள். எல்லாம் பொம்மைக்குப் போடுகிற அளவில் இருக்கும். சிரமப்பட்டு நுழைத்தால் சுண்டுவிரல் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். "போடப் போட லூசாயிடும்க்கா" என்பார் கடைக்காரர். எந்தச் செருப்பும் லூசாகவில்லை. என் தோல்தான் உரிந்தது.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை. ஓடிப்போய் பஸ் பிடிக்க வேண்டும், இறங்கி வெயிலில் நடக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். கொஞ்ச காலம் கொப்புளத்தோடு குப்பை கொட்டிவிட்டு, போங்கப்பா நீங்களும் உங்கள் பூச்செருப்பும் என்று ஆண்கள் செருப்புக்கு மாறிவிட்டேன். தட்டையான, கறுப்பான, அழகு என்பதே இல்லாத செருப்பு. ஆனால் கால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அம்மாவுக்குத்தான் அது பெரிய மானப் பிரச்சினை. அப்பா காலமான பிறகு அம்மா, நான், தங்கை என்று மூன்று பெண்கள் இருக்கும் வீடு. வாசலில் ஆண்கள் செருப்பைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். "பொண்ணுக்கு இம்மாம் பெரிய காலுன்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். அதற்கு முன்னால் ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. ஜாதகம் சரியில்லை என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா என் காலைத்தான் முறைத்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அடி அண்ணாமலையிலிருந்து இந்த இடம் வந்தது. விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் புடவையைத் தரை பெருக்கும் அளவுக்கு இறக்கிக் கட்டிவிட்டார். மாப்பிள்ளையோ பாயில் சம்மணம் போட்டு, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, பூஜைக்கு உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தது முகத்தை மட்டும்தான். சிரித்த முகம். காபித் தம்ளரை நீட்டியபோது "சூடா இருக்கு, பார்த்துங்க" என்று எனக்கே சொன்னார். எனக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் பயமும் இருந்திருக்காது!

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத் துணி எடுக்கும்போது பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலும், மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டிலும் செருப்பும் சேர்த்து எடுப்பார்கள். அளவு ஜாக்கெட் போகிற மாதிரியே அளவு செருப்பும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கிறேன், தங்கை வீடெல்லாம் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எங்கே போயிற்று? அம்மா அதைப் பொட்டலம் கட்டி, என் அளவு என்று அடி அண்ணாமலைக்கு அனுப்பிவிட்டார். தங்கைக்கு ஆறு நம்பர்!

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? கட்டிக்கப் போறவருக்கு இது கூடவா தெரியக் கூடாது?" என்று குதித்தேன்.

"தாலி ஏறட்டும்டி. அப்புறம் நீ கட்டுமரத்துல கூட கால வெச்சுக்கோ, யாரு கேக்கப் போறா?" என்றார் அம்மா. அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

அங்கிருந்து மாப்பிள்ளையின் அளவு செருப்பும் வந்து சேர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்பது. நைசாகக் காலை நுழைத்துப் பார்த்தேன். எனக்கே தைத்தது போல் இருந்தது. அப்பாடா, கால் விஷயத்திலாவது சரிசமம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அவருக்குச் செருப்பு எடுக்க அம்மா என்னையே அழைத்துப் போனார். ஆண்கள் செருப்பில் எனக்குத்தானே அனுபவம் ஜாஸ்தி! காலே அளவாக இருந்ததால் ஒவ்வொன்றாக நானே போட்டு, கடைக்குள் அங்கும் இங்கும் நடந்து பார்த்தேன். கடைசியில் ஒன்று சிக்கியது. பழுப்பு நிறத் தோல், விரல்கள் காலாட்டிப் படுக்கிற மாதிரி அகலமான முன்பக்கம், பஞ்சு மாதிரி அடி, பின்னால் பக்கிள் வைத்த வார். அவ்வளவு சுகம். கழற்ற மனசே வரவில்லை. "போதும், கழட்டு. அது மாப்பிள்ளைக்கு" என்று அம்மா இடித்த பிறகுதான் கழற்றினேன். கொடுத்து வைத்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பிள்ளையார் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, மேளதாளத்தோடு மண்டபத்துக்கு நடந்து போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் எடுத்த புடவையையும் செருப்பையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்பது முறை. கோயில் வாசலில் செருப்புப் பெட்டியைத் திறந்தார்கள். தங்க நிறம், மெல்லிய வார், மேலே முத்து. பார்க்க அவ்வளவு அழகு. அளவு ஆறு.

அம்மா என் காலடியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவித் திணித்தார். பாதி கால் உள்ளே, குதிகால் முழுக்க ரோட்டில். புடவையை இறக்கி மூடிவிட்டு, "மண்டபம் கிட்டத்தான் இருக்கு, பல்லக் கடிச்சிக்கோ" என்றார். ஊரே வேடிக்கை பார்க்கிறது. நான் கண்ணில் தண்ணீர் நிற்க நடக்கிறேன். "பொண்ணு அம்மாவைப் பிரியற ஏக்கத்துல அழுவுதும்மா" என்று ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினார்.

பாதி வழியில் 'பட்'டென்று ஒரு சத்தம். இடது கால் வார் அறுந்து, முத்தெல்லாம் ரோட்டில் உருண்டது. நான் தடுமாறி தங்கையின் தோளைப் பிடித்தேன். புடவை விலகிவிட்டது. நாதஸ்வரம் நின்றது. என் வருங்கால மாமியார் குனிந்து செருப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்க குடுத்தனுப்புன அளவுக்குத்தானே எடுத்தோம்?"

அம்மா அவசரமாகப் புடவையை இழுத்து என் காலை மூடினார். "அது வந்துங்க... நலங்கு வெச்சதுல கொஞ்சம் வீங்கிக்கிச்சு" என்றார்.

நலங்கு வைத்து எந்த ஊரிலாவது கால் வீங்குமா? எனக்கு வலியும் கோபமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், இந்தப் பொய்யில் காலைத் திணித்துக்கொண்டு இனி ஓர் அடி நடக்க முடியாது என்று தோன்றியது. "வீக்கமெல்லாம் இல்லைங்க அத்தை. என் காலே இம்மாம்தான். ஒம்போது. அளவுக்கு வந்தது என் தங்கச்சி செருப்பு" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமியாரின் முகம் எப்படியோ கோணியது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு பார்த்தால், சிரிப்பு! அடக்க முடியாமல் ரோட்டோரக் கடைப் படியில் போய் உட்கார்ந்தே விட்டார்.

"சம்பந்தி, என் பையன் காலு ஆறுதான்" என்றார், மூச்சு வாங்க. "பொட்டப்புள்ள காலு மாதிரி இருக்குன்னு நீங்க கிண்டல் பண்ணிடுவீங்கன்னு பயந்து, அவங்க அண்ணன் செருப்ப குடுத்தனுப்பிட்டேன். அங்க மண்டபத்துல நீங்க எடுத்த செருப்புக்கு ஆணி வெச்சு புதுசா ஓட்டை போட்டுக்கினு இருக்கான். அப்பவும் நிக்க மாட்டேங்குது!"

அம்மா அவரைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேளக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ மண்டபத்துக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில், பெண் அழைப்புக்கு மாப்பிள்ளை வரக் கூடாது என்ற முறையெல்லாம் காற்றில் பறக்க, அவரே வந்துவிட்டார். வெறுங்கால். கையில் அந்தப் பழுப்புச் செருப்பு. என் முன்னால் வைத்துவிட்டு, "போட்டுக்குங்க. இதுல ஒத்தச் செருப்புலயே என் ரெண்டு காலும் போவுது" என்றார்.

போட்டுக்கொண்டேன். பட்டுப்புடவை, ஒட்டியாணம், கழுத்து நிறைய மாலை, கீழே ஆண்கள் தோல் செருப்பு. பக்கத்தில் வெறுங்காலோடு மாப்பிள்ளை. நாதஸ்வரக்காரர் சும்மா பின்னியெடுத்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்த கல்யாணப் பெண்ணை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

அந்தச் செருப்பு அடி தேய்ந்து போகும்வரை என்னோடு அலுவலகத்துக்கு வந்தது. எங்களுக்குள் சண்டை வராத வருஷமா? வந்தது, போனது. ஆனால் தெரு நடுவில், அத்தனை பேர் பார்க்க, தன் சின்னக் காலைக் காட்டிக்கொண்டு வந்து நின்ற அந்த மனிதரிடம் அதற்குப் பிறகு எதையும் மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.