அப்பாவின் படகுக்கு வந்த பேட்டரி மோட்டார்

கிள்ளை ஆற்றங்கரையில் அன்று காலை இருந்தவர்கள் அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அம்மா வரவில்லை. "ஓடுச்சின்னா வந்து பாக்கறேன். ஓடலன்னா படக வித்துட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வலது தோளைத் தூக்க முடியாமல் அப்பா துடுப்புப் போட்டு ஆறு மாதமாகியிருந்தது. இறால் வலை சுருட்டியபடி கிடந்தது. சிதம்பரத்தில் டிப்ளமோ படித்த நான்தான், கடலூர் முதுநகர் பழைய சாமான் கடையில் பார்த்த பேட்டரி மோட்டாரை வாங்கலாம் என்று அடம்பிடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், நம்பிவிட்டார்கள்.

எங்கள் படகு இரு முனையும் கூர். மோட்டாரைக் கவ்வவைக்கத் தட்டையான இடமில்லை. அப்பா ஒரு பலகையைக் குறுக்கே போட்டுக் கட்டச் சொன்னார். வெளியே நீண்ட நுனியில் மோட்டாரைத் திருகி மாட்டியதும் படகு அந்தப் பக்கமே சாய்ந்தது. நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

"எழுதனது போதும் மாப்ள, பேட்டரிய அந்தாண்ட தள்ளு" என்றார் மாமா. தள்ளினேன். நேரானது.

அப்பா மோட்டாருக்குக் குங்குமம் வைத்து, தண்டில் சாமந்தி மாலை கட்டினார். தண்ணீருக்குள் இறங்கும் தண்டு அது என்பது டிப்ளமோ படித்த எனக்கும் தோன்றவில்லை. மோட்டாரை ஓடவிட்டதும் படகு நாலு முழம் நகர்ந்தது. 'டக்'கென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தால், மாலை நார் தண்டின் அடியில் சுழலும் இறக்கையில் சுற்றி, இறக்கையைப் பிடித்திருந்த சின்ன ஆணி முறிந்திருந்தது.

"மோட்டாருக்கே கல்யாணம் பண்ணிட்டீங்க" என்றார் மாமா அப்பாவிடம்.

அப்பா சிரிக்கவில்லை. "படகுக்கு என்னா வெல குடுப்ப மச்சான்?"

மாமா தன் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரக் கம்பியைக் கழற்றி, குறட்டால் வெட்டி, மடித்துக் கொடுத்தார். ஆணி இருந்த துளையில் செருகினேன்.

அப்பா இடது கையால் பிடியைத் திருப்பினார். சுரபுன்னைக் காட்டோரம்வரை போய்த் திரும்பினார். இரைச்சலே இல்லை, கொக்குகூட எழுந்து பறக்கவில்லை. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

"போயி ஒங்கம்மாவ இட்டுட்டு வா" என்றார்.

மோட்டார், பழைய கார் பேட்டரி, பலகை, மாலை, மாமா சைக்கிளுக்குப் போட்ட புதுக் கம்பி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு ரூபாய்.