துணிக்கு அந்தப் பக்கம்

என் மகன் உழவர்கரையில் வீடு கட்டும்போது தரைக்குக் கீழே ஒரு அறை வைத்தான். கார் நிறுத்த என்று சொல்லித்தான் ஆரம்பித்தான். கடைசியில் அது சினிமா பார்க்கிற அறையாகிவிட்டது. அதற்கு ஒரு புரொஜெக்டர் பொறுக்க அவனுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அவனுக்குப் பெண் பார்க்க எனக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று என்பதை அவ்வப்போது அவனுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

மாட்டிய அன்றைக்கு வெளிச்சம் வந்தது, படமும் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டு நின்றது. மகனும் மாட்ட வந்த ஆளும் ரிமோட்டை மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள்.

“தெரைக்குப் பின்னால இருந்து காட்டுறதா அது நெனச்சிக்கிட்டிருக்குடா. முன்னாலதான் இருக்கோம்னு அதுக்குச் சொல்லு” என்றேன்.

அதற்கென்றே உள்ளே ஓர் ஏற்பாடு இருந்ததாம். மாற்றியதும் எழுத்து நேராக நின்றது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இது எப்படித் தெரியும் என்று மகன் கேட்கவில்லை. மாட்ட வந்த ஆள்தான் கேட்டார். அவருக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீடு புதுச்சேரி டவுனுக்குள்ளே, பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருந்தது. வெள்ளைக்காரன் கட்டிய வீடு. கீழே சாராயப் பீப்பாய்கள் உருட்டி வைக்க ஒரு நிலவறை உண்டு. எங்கள் காலத்தில் அதில் தேங்காயும் பழைய நாற்காலிகளும் கிடந்தன. வீட்டுக்குப் பெரியவர் என் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு மீசையோடும் பென்ஷனோடும் திரும்பியவர். வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று பெரியம்மா விட்டிருந்தாள்.

பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை, என் அத்தை. கன்னியாஸ்திரீ மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பிரான்சில் வேலை, வர லீவு இல்லை. அவனுடைய சித்தப்பா மட்டும் ஒரு மாத லீவில் வந்து, போட்டோவுக்குப் பதில் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து பெரியப்பா கையில் கொடுத்தார். அதற்குள் ஒரு படச்சுருள். பையன் நடப்பது, சிரிப்பது, சாப்பிடுவது எல்லாம் இருக்கிறது, போட்டுப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்றார். கல்யாணம் முடிந்தால் எனக்குப் படுத்தால் கண்ணை மூடுகிற பொம்மை ஒன்று அனுப்புவதாகவும் சொன்னார். அந்த நிமிஷமே நான் மாப்பிள்ளை கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

படம் இருக்கிறது, காட்டுகிற மெஷின் இல்லை. பெரியப்பா பங்குச் சாமியாரிடம் கேட்டு, தவக்காலத்தில் கோயிலில் படம் காட்டுகிற மெஷினை இரண்டு ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்தார். எங்கள் படச்சுருளோ தலையில் கட்டுகிற ரிப்பன் அகலம்கூட இல்லை. மெஷின் பல்லில் அது நிற்கவே மாட்டேன் என்றது. பெரியப்பா அதைப் பிரெஞ்சில் திட்டினார். பிறகுதான் நெல்லித்தோப்பில் ரேடியோ கடை வைத்திருந்தவருக்கு ஆள் போயிற்று.

அவருக்கு இருபத்தாறு வயதிருக்கும். எங்களைப்போலவே ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிற குடும்பம். படச்சுருளை விரலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதற்குச் சின்ன மெஷின்தான் வேண்டும் என்றார். மறுநாள் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று கையால் சுற்றுவது, இன்னொன்று மோட்டாரில் ஓடுவது. மாப்பிள்ளை படத்தை முன்கூட்டி யாரும் பார்க்கக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு போட்டிருந்ததால், ஒத்திகைக்கு அவர் தன்னிடமிருந்த வேறொரு படத்தைப் போட்டார். ஒரு குளத்தில் ஏழு வாத்துகள் நீந்தும். அவ்வளவுதான் கதை. பெரியப்பா கையால் சுற்றியபோது ஏழு வாத்தும் தீப்பிடித்த மாதிரி ஓடின.

“முசியே, இப்படிச் சுத்துனா மாப்பிள்ளயும் ஓடிடுவாரு” என்று பிரெஞ்சு மரியாதை வைத்துச் சொன்னார் கடைக்காரர். மோட்டார் மெஷின் என்று முடிவாயிற்று. மற்றதை இரவல் கொடுத்த மெட்ராஸ்காரரே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தில் போடலாம் என்றார் அப்பா. பெரியம்மா விடவில்லை. “தெருவே வந்து ஜன்னல்ல தொங்கும். நாளைக்கு ஒத்துவரலன்னா பொண்ணு பேருதான் கெடும்” என்றாள். பகலிலும் இருட்டாக இருக்கிற இடம் நிலவறைதான். தேங்காயை எல்லாம் மேலே ஏற்றினோம். கடைக்காரர் நாலு சாயங்காலம் வந்து நிலவறையைச் சரி செய்தார். மெஷினோடு வந்த தாள் முழுக்கப் பிரெஞ்சு. அவருக்கு மெஷின் தெரியும், பிரெஞ்சு தெரியாது. அத்தைக்குப் பிரெஞ்சு தெரியும், மெஷின் தெரியாது. அதனால் அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து தாளைப் படித்துச் சொல்ல, அவர் திருகாணிகளைத் திருகினார். துணைக்கு என்னைப் பெரியம்மா அனுப்பி வைத்தாள். நான் அந்தப் பொறுப்பை நன்றாகவே செய்தேன். ஒரு நிமிஷம்கூட அந்த இடத்தை விட்டு நகராமல் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிர்ச் சுவர் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. அதில் வாத்து விழுந்தால் அம்மை போட்ட மாதிரி தெரிந்தது. அதனால் கடைக்காரர் அறைக்கு நடுவில் கயிறு கட்டி, பெரியப்பாவின் வெள்ளை வேட்டியை விறைப்பாகத் தொங்கவிட்டார். மெஷினுக்கு அடியில் பிரெஞ்சு அகராதியை வைத்து உயரம் சரி பார்த்தார். துணியை லேசாக நனைத்தால் அந்தப் பக்கமும் படம் தெரியும் என்று நனைத்தும் காட்டினார். அதைக் கேட்டு பெரியம்மாவுக்கு ஏக சந்தோஷம். மெஷின் பக்கம் ஆம்பளைகள், துணிக்கு அந்தப் பக்கம் பொம்பளைகள். கோயிலில் இருக்கிற மாதிரியே பிரிந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

நான் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தேன். இங்கே நின்று பார்த்தால் வாத்து என் சோத்தாங்கைப் பக்கம் போகும், அங்கே போய்ப் பார்த்தால் பீச்சாங்கைப் பக்கம் போகும். இந்த அதிசயத்தை நான் சொன்னபோது கடைக்காரரும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான்போல என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கீழே இறங்கினோம். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு நல்ல நாற்காலி. பெரியப்பா மீசையை முறுக்கிக்கொண்டு, “ஓட்டுய்யா” என்றார். நான் அந்தப் பக்கம் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தேன். அத்தை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

மாப்பிள்ளை வந்தான். உயரமான ஆள், நல்ல சிரிப்பு. ஒரு கட்டடத்து வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

“எந்தக் கைடி அது?” என்று பெரியம்மா என் அம்மாவிடம் கேட்டாள்.

“கையாட்டுறதுக்கு எந்தக் கையா இருந்தா என்னா அக்கா” என்றாள் அம்மா.

அடுத்தாற்போல மாப்பிள்ளை ஒரு மேசையில் உட்கார்ந்து சோறு பிசைந்து சாப்பிட்டான். பீச்சாங்கையால் சாப்பிட்டான். பெரியம்மாவின் மூச்சு என் காதில் கேட்டது. அதற்கப்புறம் பனி கொட்டிக்கிடந்த ஒரு கோயில் வாசல். மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றினான், தலையைக் குனிந்தான், அதே பீச்சாங்கையைத் தூக்கி நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

“சேசு மரி சூசையே!” என்று பெரியம்மா எழுந்து நின்றாள். மெஷின் பக்கத்திலிருந்து அதே நேரத்தில் பெரியப்பாவின் குரல் வந்தது. “பாத்தியா, பையனுக்கு என்னா பக்தி!”

நான் துணிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே மாப்பிள்ளை ஒழுங்காகச் சோத்தாங்கையால்தான் கோயில் கதவைத் தள்ளினான்.

படம் முடிந்து மேலே வந்ததும் சண்டை ஆரம்பித்தது. பெரியப்பா சம்மதம் சொல்ல வாயைத் திறந்தார். பெரியம்மா முடியாது என்றாள். பீச்சாங்கையில் சாப்பிடுகிறவனுக்குக்கூடப் பெண் கொடுக்கலாம், பீச்சாங்கையில் சிலுவை போடுகிறவனுக்குக் கொடுக்கமுடியாது என்றாள்.

“எவன்டி பீச்சாங்கையில போட்டான்? கண்ணு கெட்டுப்போச்சா ஒனக்கு?”

“எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க மீசையப் பாத்துக்கினு இருந்திருப்பீங்க.”

ஆம்பளைகள் மூன்று பேரும் சோத்தாங்கை என்றார்கள். பொம்பளைகள் இரண்டு பேரும் பீச்சாங்கை என்றார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, தூக்கி வளர்த்த எனக்குத் தெரியாதா என்றார். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி யார்தான் குறை சொல்வார்கள் என்று பெரியம்மா அவருக்குக் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தாள். கடைக்காரர் கதவோரமாக நின்று மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அத்தை தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நாலு நாள் தாளைப் படித்தவளும் நாலு நாள் மெஷினைத் திருகியவரும் வாயைத் திறக்கவில்லை.

பொம்மை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் நடுவில் போய் நின்றேன்.

“பெரிப்பா, நான் ரெண்டு பக்கமும் பாத்தேன். இந்தப் பக்கம் சோத்தாங்கை, அந்தப் பக்கம் பீச்சாங்கை. வாத்து மாதிரிதான்!”

வாத்துப் படத்தைப் பெரியப்பா தன் கையால் சுற்றி ஓடவிட்டுப் பார்த்ததோடு சரி, மற்றவர்கள் அதையும் பார்க்கவில்லை. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில் ஒன்றாகிவிட்டார்கள். “மாப்பிள்ளய வாத்து ஆக்கிட்டாளே!” என்று சித்தப்பாக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முகம் எரிந்தது. நான் பொய் சொல்லாத பெண் என்று பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீயே சொல்லியிருக்கிறார்.

கடைசியில் பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓட்டுவது, இந்தத் தடவை பெரியம்மா மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது. கடைக்காரர் சரி என்று கீழே இறங்கினார். பாய்களை உதறிப் போடுகிறேன் என்று அத்தையும் இறங்கினாள். துணைக்குப் போ என்று பெரியம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் ரோஷத்தோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் மெஷின் மூடியைத் திறந்து, துண்டால் பிடித்து பல்பைக் கழற்றினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்துபோகாமல் முழுசாக இருந்ததை நானும் பார்த்தேன். அவர் பல்பைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தார்.

“சொல்லுங்க. மாட்டட்டுமா?” என்றார்.

மேலே பெரியப்பா சிரிப்பது கேட்டது. இலை போடுகிற சத்தம் கேட்டது. அத்தை இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து விரித்தாள். சூடு ஆறாத பல்பை அதில் வாங்கினாள். முட்டையைச் சுற்றுகிற மாதிரி பதமாகச் சுற்றினாள். அப்போதுதான் நான் படிக்கட்டில் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் முகம் வெளுத்ததை அந்த மங்கல் வெளிச்சத்திலும் கண்டேன்.

“அய்யா! பல்பு எரிஞ்சுபோச்சுங்க!” என்று கடைக்காரர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

எல்லோரும் படிக்கட்டுத் தலைப்புக்கு ஓடிவந்தார்கள். வேறு பல்பு இங்கே கிடைக்குமா என்று பெரியப்பா கேட்டார். மெட்ராஸில் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு வியாழக்கிழமை புறப்பட்டாக வேண்டும். காரைக்காலில் இன்னொரு பெண்ணையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

“நீ கீழதானேடி இருந்த, என்னா ஆச்சு?” என்று பெரியப்பா என்னிடம் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்குட்டை பிடித்த கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு உண்மை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் பல்பு ஏறும், படம் ஓடும், பெரியம்மா சோத்தாங்கையைப் பார்ப்பாள், பொம்மை கப்பலேறி வரும். ஆனால் மேலே நின்றவர்களைப் பார்த்தேன். சித்தப்பாக்காரர் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. ஓர் உண்மையைச் சொன்னதற்கே இப்படிச் சிரித்தவர்களுக்கு இன்னொன்றை எதற்குச் சொல்லவேண்டும்?

“எனக்குத் தெரியாது” என்றேன்.

காரைக்கால் பெண்ணையே அவர்கள் பேசி முடித்ததாக மறுவாரம் செய்தி வந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன் என்றும், அந்தப் பெண் பிரான்சில் நன்றாக இருக்கிறாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அந்த வருஷம் ஏனோ அடிக்கடி ஏதாவது கோளாறு வந்தது. கடைக்காரர் வந்து வந்து சரி பார்த்தார். அவரைப் பந்தியில் உட்காரவைத்து, அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று பெரியம்மா தன் கண்ணாலேயே பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு பங்குச் சாமியார் வழியாக அவருக்கு அத்தையைக் கேட்டுப் பேச்சு வந்தபோது மறுப்பு சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அத்தை கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். முக்காட்டோடு குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். “எனக்குக் கல்யாணம் பண்ணிவெச்சதே நீதான்டி” என்று காதில் சொன்னாள். பக்கத்தில், இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட கடைக்காரர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன செய்தேன்? கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றேன், அவ்வளவுதானே. மற்றவர்கள் கேலி செய்தது போதாது என்று இவளும், இவ்வளவு நாள் கழித்து, அதுவும் கல்யாணத்தன்றைக்குக் கேலி செய்கிறாளே என்று நினைத்தேன். பந்தியில் அவள் தன் பக்கத்தில் எனக்கென்று ஓர் இலை போட்டு வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி போய் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.