அக்காவின் மூக்கும் என் சாப்பாட்டு டப்பாவும்

என் அக்காவின் மூக்குக்கு முன்னால் மோப்ப நாயெல்லாம் சளி பிடித்த குட்டி. ஒரு தடவை உறிஞ்சினாள் என்றால், மூன்று தெரு தள்ளி நிற்கும் காரில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, அதன் சொந்தக்காரர் காலையில் மனைவியிடம் எதற்காகத் திட்டு வாங்கினார் என்பது வரை சொல்லிவிடுவாள். அந்த மூக்குக்கு அரசாங்கம் தனியாகக் காவல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா வேலை பார்ப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டில். மேலே தகரம், கீழே எண்ணெய்க் கறை. "வண்டியில ஏதோ நாத்தம்" என்று வருகிறவர்களை முதலாளி நேராக அவளிடம் அனுப்புவார். எல்லோருக்கும் அவள் 'மூக்கம்மா'. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் வாடகை, அம்மாவின் மருந்து, என் வாய் எல்லாம் அந்த மூக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பதால் எனக்குச் சேட்டைக்கு நேரம் நிறைய. ஒருநாள் அவளுடைய வேலைத் தொப்பிக்குள் பூண்டை நசுக்கித் தேய்த்து வைத்தேன். பக்கத்து வீடு வரை நாறியது. அக்கா அதை எடுத்தாள், தலையில் மாட்டினாள், "போயிட்டு வரேன்டி" என்று கிளம்பிவிட்டாள். தயாராக வைத்திருந்த சிரிப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். டப்பாவை வைக்கிற சாக்கில், திறந்திருக்கும் பானெட்டுக்குள் தலையை விட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்புவேன். "சீ, யாரு இங்க முட்டையை அழுக விட்டது?" அக்கா டார்ச்சோடு சைலன்சர் பக்கம் போவாள். "என்னக்கா, இனிப்பு வாடை தூக்குது, மிட்டாய்க் கடையா நடத்துறீங்க?" ரேடியேட்டர் குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்று தடவுவாள். காலையில் வருகிற வண்டிக்கெல்லாம், "இன்ஜின் ஆறட்டும், மதியம் பாக்குறேன்" என்று சொல்லிவிடுவாள். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எல்லாம் தன் அனுபவம் என்று நினைத்துக்கொள்கிறாள், பாவம், நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு வாடகைக் கார் டிரைவர் வந்தார். "கண்ணாடியை ஏத்தினா தலை வலிக்குதும்மா. ஏதோ புகை நாத்தம். பாப்பா பின் சீட்டுல தூங்கினா எழுப்பவே முடியல. எழுந்ததும் வாந்தி எடுக்குறா."

பின் சீட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் தலையை உள்ளே விட்டேன். அன்று எனக்குப் பயங்கர ஜலதோஷம். ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் பார்க்கிறார், முதலாளி பார்க்கிறார், ஏதாவது சொல்லியாக வேண்டும். "நாத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. வெறும் ரோட்டுப் புகை" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ வண்டியை எடுத்துக்கலாமா, மூக்கம்மா?" என்றார் முதலாளி.

அவள் கார் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வேண்டாம் சார். எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலோட போயிடுச்சு."

தகரத்தில் விழுகிற மழைச் சத்தத்துக்கு மேல் முதலாளி குரலை உயர்த்தினார்.

"அப்போ இத்தனை நாள் எப்படிம்மா பார்த்தே?"

"குத்துமதிப்பா."

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

பிறகு இன்ஜினை ஆறவிட்டு, டிரைவரிடம் சாவியைக் கொடுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். சைலன்சர் வாயை நான் ஈரத்துணியால் அழுத்திப் பிடிக்க, அவள் வண்டிக்கு அடியில் படுத்து, புகைக்குழாய் நெடுக சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். பின் சீட்டுக்கு நேர் கீழே, இணைப்பில், நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அதற்கு மேலே வண்டித் தரையில் ஒரு ரப்பர் அடைப்பைக் காணோம்; விஷப்புகை உள்ளே ஏற அதுதான் வழி. டிரைவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாளையிலேர்ந்து நீ டயர் பக்கம் பாரும்மா" என்றார். மூக்கம்மா என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் எரிந்து விழுந்தேன். "உண்மையைச் சொல்லுன்னு யாரு அழுதா? பேசாம அந்த சோப்புத் தண்ணியை முதல்லயே ஊத்தித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இந்த வண்டிக்கு ஊத்திட்டேன். அடுத்த வண்டி? அன்னைக்கும் உன் மூக்கு ஒழுகினா?"

"என் மூக்குக்கும் உன் வேலைக்கும் என்ன சம்பந்தம்? நான் வாய்க்கு வந்ததை உளறுவேன், அவ்வளவுதான்."

அக்கா தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினாள். "இதைத் துவைக்கும்போது உள்ள பூண்டுத் தோல் ஒட்டியிருந்துச்சு. மறுநாளே நீ சோத்து டப்பாவோட வந்து நிக்கிறே. சாப்பிட்ட தட்டையே கழுவாத மகராசி."

நான் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். மூக்கை உறிஞ்சினேன்.

"ஜலதோஷம்" என்றேன்.

"வாசனைதான்டி தெரியாது எனக்கு" என்றாள். "கண்ணு தெரியும்."